காரைக்குடியிலிருந்து இலங்கை: ஏழு நாள், இரண்டு ஜோடி சாக்ஸ்

ஜூன் 29, ஞாயிறு – காரைக்குடி

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இலங்கை புது ஊர் இல்லை. கொழும்பில் கடை போட்டிருந்த ஐயாமார்களின் பேரேடுகள் பல வீட்டுப் பெட்டகங்களில் இன்னும் கிடக்கின்றன. கொண்டுவிற்கப் போன காலத்தில் மழையோ வெயிலோ, கப்பல் எப்போதோ அப்போதுதான் பயணம். கடலில் குளிக்கவும் இடிபாடுகளைப் பார்க்கவும் போகிறவர்கள் முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சிறிய தீவுக்கு இரண்டு மழைக்காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, பெந்தோட்டை, காலிப் பக்கம் கொட்டும். கடலும் கொந்தளிக்கும், குளிக்க இறங்கினால் இழுத்துவிடும். அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலை, நிலாவெளி காய்ந்து கிடக்கும். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் அந்தக் கரையில் அலை அடங்கியிருக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது அங்கேயும் கிழக்குக் கரையில் அடைமழை. தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரைதான் காலம். முதலில் கைக்கு வந்த பயண ஏற்பாட்டாளரின் அட்டவணையில் ஜூலை மாதம் பெந்தோட்டைக் கடற்கரையில் இரண்டு இரவு இருந்தது. வருஷம் முழுக்க எல்லோருக்கும் அதே தாளைத்தான் நீட்டுகிறார்கள்.

பள்ளி விடுமுறை என்று ஏப்ரலில் போகிறவர்கள் கவனிக்க: சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சில நாள் கடைகள் சாத்தியிருக்கும், ஓட்டுநர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

ஜூலைக்கு ஏற்ற வழி ஒரே கோட்டில் அமைந்துவிடுகிறது: பழைய தலைநகர் அனுராதபுரம், பாறைக்கோட்டை சிகிரியா, இன்னொரு பழைய தலைநகர் பொலன்னறுவை, கிழக்குக் கரையில் திருகோணமலை. நான்கும் வறண்ட பகுதி. கண்டியையும் சேர்த்தால் மலைப்பாதையிலேயே ஒரு நாள் போய்விடும் என்பதால் அதை வெட்டியாயிற்று.

அடுத்தது பௌர்ணமி. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை, போயா என்பார்கள். மது விற்பனை கிடையாது, இறைச்சிக் கடை மூடியிருக்கும், அனுராதபுரத்தில் வெள்ளை உடைக் கூட்டம் அலைமோதும். இந்த முறை, 2025இல், ஜூலை 10. அதற்கு முன்பே அனுராதபுரத்தை முடித்துவிடுகிற மாதிரி நாள் குறித்தாயிற்று.

விசாவுக்கு முன்னதாக இணையத்தில் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். இணைய முகவரி gov.lk என்று முடிய வேண்டும். அதே சாயலில் உள்ள மற்றவை கமிஷன் பிடிக்கும் இடைத்தரகர்கள். நம் ஆட்கள் தவறுவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவும், சொந்தப் பெயரும் அப்பா பெயரும் ஒரே வரியிலும் இருக்கும். விண்ணப்பத்தில் இனிஷியலை மட்டும் போட்டோ, முன்பின் மாற்றியோ நிரப்பினால் விமான நிலையக் கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏற்றுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

ஜூலை 7, திங்கள் – திருச்சி, கட்டுநாயக்க, அனுராதபுரம்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு விமானம் ஏறி, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்க ஒரு மணி நேரம்தான்.

தின்பண்டம் கட்டும்போது ஒரு எச்சரிக்கை. சீடை, மனகோலம், தேன்குழல் டப்பாக்களால் தொந்தரவு இல்லை. ஊறுகாய் ஜாடியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள், அதைப் பெரிய பெட்டியில் போட வேண்டும். கோயிலுக்கென்று கொப்பரை எடுத்துப் போகாதீர்கள். எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும் என்று ஏற்ற விடமாட்டார்கள்.

ஏ.டி.எம். அட்டையில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். போன பிறகு திறக்கலாம் என்றால், ஓ.டி.பி. வரும் சிம்முக்கு ரோமிங் இருக்காது. ஆறு பேரில் இரண்டு அட்டை அப்படித்தான் செத்துக் கிடந்தன. 2024 பிப்ரவரியிலிருந்து நம் யு.பி.ஐ. அங்கே செல்லுகிறது, ஆனால் நகரத்துக் கடைகளில் கேட்கலாமே தவிர, சாலையோரம் இளநீர் வெட்டுகிறவரிடம் காசுதான். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் ஏறக்குறைய மூன்றரை கிடைத்தது.

ஓட்டுநரோடு வேன் நாளுக்கு 20,000 ரூபாய் ஆனது; இங்கே சொல்லும் விலையெல்லாம் இலங்கை ரூபாய்தான். பேசும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் உள்ளடக்கம், கூடினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டுநருக்கு இரவுத் தங்கல் யார் பொறுப்பு. பல விடுதிகளில் ஓட்டுநர் அறை என்று தனியாகவே உண்டு. இல்லாத விடுதியைப் பிடித்தால் அந்த மனிதர் வேனுக்குள்ளேயே கொசுக்கடியில் படுத்துவிட்டு, மறுநாள் தூக்கக் கண்ணோடு வண்டி ஓட்டுவார்.

மதியம் சாலையோரக் கடையில் சோறும் கறியும். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பீர்க்கங்காய்ப் பால்கறி, அப்பளம், தேங்காய்ச் சம்பல், 550 ரூபாய். கூட வந்த ஆச்சி சம்பலைத் தொட்டு வாயில் வைக்கப் போன நேரத்தில் ஓட்டுநர் தடுத்தார். "அம்மா, அதில மாசி கிடக்கு. சைவமெண்டா முதலே சொல்லோணும்."

மாசி என்றால் மாலத்தீவுப் பக்கத்துச் சூரைமீனைக் காய்ச்சிப் புகையூட்டிக் கட்டையாக உலர்த்தியது. இடித்துத் தூளாகச் சம்பலில் சேர்ப்பார்கள். பார்த்தால் மிளகாய் விதைபோலத்தான் தெரியும். சில இடங்களில் பருப்பிலும், கீரை வதக்கலிலும்கூட உண்டு. "வெஜிடேரியன்" என்று சொன்னால் போதாது, இதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். "மாசி போட வேண்டாம்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். 'சைவக்கடை' என்று பலகை இருந்தால் இந்தக் கவலை இல்லை.

கட்டுநாயக்கவிலிருந்து அனுராதபுரம் வர நாலரை மணி நேரம் ஆனது.

ஜூலை 8, செவ்வாய் – அனுராதபுரம்

காலை 6 மணிக்கே கிளம்புங்கள். காரணம் கூட்டம் அல்ல, கால். தூபிகளின் முற்றம் முழுக்கக் கல் பாவியது, செருப்பும் தொப்பியும் வாசலிலேயே கழற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தக் கல் தோசைக்கல்தான். ருவன்வெலிசாயத் தூபியைச் சுற்றி வருகிறவர்கள் பதினொரு மணிக்கு நிழலிலிருந்து நிழலுக்குத் தாவி ஓடுவதைப் பார்க்கலாம். சாக்ஸ் போட்டுக்கொள்ளத் தடையில்லை. கெட்டிப் பருத்தி சாக்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். நைலான் வேண்டாம், சூடு இன்னும் ஏறும். ஒரு ஜோடி செம்மண்ணில் அன்றைக்கே வீணாகும்.

முழங்காலும் தோளும் மூடிய உடை கட்டாயம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்தால் உடனே அதட்டல் வரும். அதற்கு மேல் பேசினால் போலீஸ் வரைக்கும் போகும்.

வெள்ளையடித்துப் பளபளக்கும் ருவன்வெலிசாயவைவிட, செங்கல் தெரிய நிற்கும் ஜேதவனாராமயவில்தான் நேரம் செலவிட வேண்டும் என்பது என் கட்சி. மகாசேனன் என்ற அரசன் 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தூபி அது. 9 கோடிக்கும் மேற்பட்ட செங்கல், ஆதி உயரம் 122 மீட்டர். எகிப்தின் இரண்டு பெரிய பிரமிடுகளை விட்டால் அன்றைய உலகில் அதற்கு மேல் உயரம் இல்லை. இப்போது 71 மீட்டர்தான். நம்மூரில் வீடு கட்டுகிறவர்கள் செங்கல்லைத் தட்டி ஓசை பார்ப்பார்களே, அந்த ஆசையை அடக்கிக்கொண்டு கண்ணால் மட்டும் பாருங்கள்.

அபயகிரிப் பகுதியில் மகாசேனன் மாளிகை என்று சொல்லப்படும் இடத்து வாசலில் சந்திரவட்டக்கல். அரைவட்டப் படிக்கல்தான், சுற்றிக் கம்பி போட்டிருக்கிறார்கள். குனிந்து வெளியிலிருந்து உள்ளே பாருங்கள்: ஓரத்தில் தீச்சுடர் வரிசை, அதற்குள் யானை, குதிரை, சிங்கம், காளை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன, அடுத்து படர்கொடி, பிறகு அலகில் தளிர் கவ்விய அன்னங்கள், நடுவில் பாதித் தாமரை. யானையின் காலடி வைப்பு ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. காளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பொலன்னறுவையில் வேலை இருக்கிறது.

டிக்கெட் வெளிநாட்டவருக்குத் தனி விலை, டாலர் கணக்கு. நம்மையும் சேர்த்து சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு அதில் ஏறக்குறைய பாதி. இசுருமுனிய விகாரைக்குத் தனியாக வாங்க வேண்டும்.

செவ்விளநீர் 150 ரூபாய்க்குக் கிடைத்தது. தம்பிலி என்பார்கள், ஆரஞ்சு நிறம், நம் பச்சை இளநீரைவிட இனிப்பு கூட. குடித்ததும் எறிந்துவிட வேண்டாம், திருப்பிக் கொடுத்தால் பிளந்து, மட்டையிலேயே கரண்டி சீவித் தருவார்கள், வழுக்கை தின்ன. கேட்காமலே செய்தார் அந்தக் கடைக்கார அம்மா.

மாலை 4 மணிக்குக் கிளம்பிச் சிகிரியா போய்த் தூங்குவதுதான் சரி. அனுராதபுரத்தில் தங்கிவிட்டு மறுநாள் போனால் குன்றேறும் நேரம் வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

ஜூலை 9, புதன் – சிகிரியா

முதல் கோளாறு கவுன்டரில். சார்க் விலைக்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும். ஜெராக்ஸோ, போனில் உள்ள படமோ எடுபடாது. பாஸ்போர்ட் விடுதி அலமாரியில் பத்திரமாக இருந்தது. வேன் திரும்பிப் போய் வர 40 நிமிடம். விடியற்காலையின் 40 நிமிடம் என்பது இங்கே ஒரு மணி நேர வெயிலுக்குச் சமம்.

ஏறத்தாழ 1,200 படி. நீர்த்தோட்டத்தைக் கடக்கும் வரை சமதளம், அதையும் தெம்போடு நடந்துவிட வேண்டாம். பாறைகளுக்கு இடையே கல்படி, பிறகு சுவரையொட்டிய இரும்புப் படி, சுழல்படி ஏறினால் ஓவியப் பெண்கள். அங்கே படம் எடுக்கத் தடை. அதற்கடுத்துக் கண்ணாடிச் சுவர். ஆயிரம் வருஷத்துக்கு முன் வந்து போனவர்கள் அந்தப் பெண்களைப் பார்த்துக் கிறுக்கிய பாட்டுகள் அதில் உண்டு. இன்று கிறுக்கினால் சிறை.

சிங்கப் பாதம் வரை முக்கால்வாசி ஏறியாயிற்று. முழங்கால் வலி உள்ளவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுவது உத்தமம். மிச்சம் இருப்பது பாறையில் தொங்கும் இரும்புப் படி; ஜூலைக் காற்று சேலையையும் துப்பட்டாவையும் பிடுங்கும். நடுவில் நின்று திரும்பவும் முடியாது, பின்னால் வரிசை. "ஆச்சி, மேல ஏறுவியளா?" என்றதற்கு, "நான் சிங்கத்தைப் பார்த்துக்கிறேன், நீங்க ராசாவைப் பார்த்துட்டு வாங்க" என்று பதில் வந்தது.

ராசா என்றால் காசியப்பன். அப்பனைக் கொன்று ஆட்சியைப் பிடித்து, இந்தியாவுக்கு ஓடிய தம்பி படையோடு வருவான் என்ற பயத்தில் 477 முதல் 495 வரை பாறைமேல் இருந்தவன். தம்பி வந்தே விட்டான்.

மலைத்தேனீயும் குளவியும் பாறை இடுக்கில் கூடு கட்டியிருக்கும். சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு ஏற வேண்டாம்.

மாலையில் சட்டியில் எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி. கித்துள் என்பது நம் கூந்தல்பனை. அதன் பதநீரைக் காய்ச்சிய பாகு. இனிப்புக்குக் கீழே லேசான புகை வாசம் வந்தால் அசல். சர்க்கரைப்பாகு கலந்தது வெறுமனே தித்திக்கும்.

ஜூலை 10, வியாழன் – பொலன்னறுவை

போயா. கோழிக் கொத்து ரொட்டிக்கு ஆசைப்பட்டவர்களுக்கு முட்டை கொத்துதான் கிடைத்தது.

அனுராதபுரம் பரந்து கிடக்கும். பொலன்னறுவை கைக்கு அடக்கம். 11ஆம் நூற்றாண்டில் சோழர்கள் தலைநகரை இங்கே மாற்றி ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு மீட்டான். சோழர் விட்டுப்போனதில் முழுசாக நிற்பது வானவன்மாதேவி ஈஸ்வரம். பலகையில் 'சிவ தேவாலே எண் 2' என்று இருக்கும், பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது, எண்ணைக் கேளுங்கள். கொடும்பாளூர் மூவர்கோயிலையும் நார்த்தாமலையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வழி கேட்கவே வேண்டாம். அதே அளவான கட்டு, அதே விமானம். சுற்றிலும் செங்கல் கட்டடங்கள் கூரை போய் நிற்க, கல்லில் கட்டிய இது மட்டும் உச்சி வரைக்கும் இருக்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு, உள்ளே லிங்கம், யாரோ ஏற்றிப்போன அகல். பெரும்பாலான வேன்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வட்டதாகே என்ற வட்டவடிவக் கோயிலின் வாசலில் மறுபடி சந்திரவட்டக்கல். யானை உண்டு, குதிரை உண்டு, காளை இல்லை. சைவர்களின் நந்தியை மிதிக்கலாகாது என்று எடுத்துவிட்டார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் காரணம். அனுராதபுரத்துக் கல்லைப் பார்க்காமல் நேரே இங்கே வருகிறவர்களுக்கு இது தட்டுப்படாது. அதனால்தான் இந்த வரிசை.

கல்விகாரையில் படுத்திருக்கும் புத்தர் 14 மீட்டர். எல்லோரும் தூர நின்று முழு உருவத்தையும் படத்துக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். தலைமாட்டுக்குப் போங்கள். தலை பதிந்த இடத்தில் கல் தலையணை அமுங்கியிருக்கிறது, பஞ்சுபோல. கால்மாட்டில் இரண்டு பாதமும் நேராக இல்லை, ஒன்று கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது. உயிர் அடங்கியதைக் காட்ட அது போதுமென்று நினைத்திருக்கிறான் சிற்பி.

2 மணிக்கு மேல் ஹபரணை வழியாகத் திருகோணமலை. இருட்டுவதற்குள் இந்தச் சாலையைக் கடந்துவிட வேண்டும், யானை குறுக்கிடும். நாலரை மணிக்கே ஒன்று நின்றது. எதிரே வந்த பஸ்காரர் விளக்கைச் சிமிட்டி எச்சரித்ததால் தூரத்திலேயே நிறுத்த முடிந்தது. பழம் போடச் சிலர் இறங்குகிறார்கள். பழத்துக்குப் பழகிய யானை, அடுத்த வண்டியின் கண்ணாடிக்குள் தும்பிக்கையை விடும்.

ஜூலை 11, வெள்ளி – திருகோணமலை

போயாவால் வந்த கோளாறு இதுதான். வியாழன் போயா என்பதால் வெள்ளிக்கும் லீவு சொல்லி நான்கு நாளாக்கிக்கொண்டு பாதிக் கொழும்பு நிலாவெளியில் இருந்தது. 14,000 என்று பேசிய அறைக்கு 19,000. முன்பணம் கட்டாத வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. போயா வியாழனிலோ செவ்வாயிலோ விழுந்தால் கடற்கரை அறைக்கு ஒரு மாதம் முன்பே பணம் கட்டிவிடுங்கள்.

கோணேஸ்வரம் கோட்டைக்குள்ளே, கடலுக்கு மேல் செங்குத்தான பாறையில். சம்பந்தர் பாடிய தலம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பழைய கோயிலை இடித்துவிட்டார்கள். இப்போதிருப்பது பிற்காலக் கட்டு. கோட்டை வாசலிலிருந்து மான்கள் கூடவே வரும், அர்ச்சனைத் தட்டில் கண் வைத்து. ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், துண்டு கொண்டுபோங்கள். சட்டையும் கைப்பையும் ஒரே கையில் இருந்தால் குரங்குக்குக் கொண்டாட்டம்.

வாசலில் ஒரு அம்மா, "கச்சான் வேணுமோ?" என்றார். இங்கே கச்சான் என்றால் வேர்க்கடலை. இந்த மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் சுடுகாற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். கொறித்ததும் கச்சான், கண்ணில் மண்ணை அள்ளிப்போட்டதும் கச்சான்.

கன்னியா வெந்நீர் ஊற்று ஊரிலிருந்து சில கிலோமீட்டர். ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றும் ஒரு சூடு. உள்ளே இறங்க முடியாது, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான். சூடு குறைந்த கிணற்றில் ஆரம்பியுங்கள். 34 டிகிரி வெயிலில் வெந்நீர்க் குளியல் யாருக்கு வேண்டும் என்றால், முழங்கால் வலியோடு சிங்கப் பாதத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேண்டும்.

ஜூலை 12, சனி – நிலாவெளி, புறாத்தீவு

புறாத்தீவு தேசியப் பூங்கா. கரையில் டிக்கெட், பிறகு படகு. கால் மணி நேரம். டிக்கெட் வேறு, படகு வாடகை வேறு, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வேறு. கூட்டிப் பார்த்தபின் ஒப்புக்கொள்ளுங்கள். முதல் படகில் போனால் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் ஆட்கள் கலக்கிவிடுவார்கள்.

கரையில் கிடப்பது மணல் இல்லை, பெரும்பாலும் உடைந்த செத்த பவளம்; வெறுங்கால் கிழியும். ரப்பர் செருப்பு அலையில் கழன்று போகும், பின்பட்டை உள்ளது வேண்டும். கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் பதறிப் பவளத்தின்மேல் நிற்காதீர்கள். உயிருள்ள பவளம், நின்றால் செத்துவிடும், காலும் அறுபடும். மல்லாந்து மிதந்தால் உயிர்காப்பு உடை தாங்கும். முதுகில் பனியனோடு இறங்குங்கள். குனிந்தே மிதப்பதால் ஒரு மணி நேரத்தில் முதுகுத்தோல் வெந்துவிடுவது தெரியவே தெரியாது. இரவு சாய்ந்து படுக்கும்போது தெரியும்.

அங்கிருந்து கொழும்பு ஆறரை மணி நேரம். உப்பு உடம்போடு ஏறாதீர்கள்.

ஜூலை 13, ஞாயிறு – கொழும்பு

செட்டியார் தெருவைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் வீட்டில் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, புறக்கோட்டைப் பக்கத்து அந்தத் தெருவில் நகைக்கடை வரிசை முழுக்க இழுத்துச் சாத்தியிருந்தது. கதிரேசன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 12.40, உச்சிப் பூசை முடிந்து நடையும் சாத்தியாயிற்று.

வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் முகத்தைப் பார்த்ததும், "காரைக்குடிப் பக்கமோ?" என்றார். தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர் என்று வரிசையாகப் பெயர் சொன்னார்; ஒன்றுக்கும் அவர் போனதில்லையாம். "பின்னேரம் நடை திறப்பினம், இருந்து கும்பிட்டிட்டுப் போங்கோவன்."

மூன்று மணிக்குக் கட்டுநாயக்கவில் இருக்க வேண்டும். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறியாயிற்று. இந்த வழியில் போகிறவர்கள் ஞாயிறைத் திருகோணமலையில் வைத்து, கொழும்புக்குத் திங்கள் காலையை ஒதுக்குங்கள்.